லென்ஸ் பீரோவுக்குள்ளே, வாத்து குளத்துக்குள்ளே

தாமிரபரணிக்காரன் | ஞாயிறு, இரவு 9:50

வயித்தெரிச்சலைக் கொட்ட ஒரு இடம் வேணும் மக்களே. இங்கேயே கொட்டிடுதேன்.

மூலைக்கரைப்பட்டிப் பக்கம் ஒரு தை முகூர்த்தம். சம்சாரம் வழிச் சொந்தம். கேமராவை மறந்துட்டுப் போகலை, யோசிச்சேதான் வச்சுட்டுப் போனேன். பெரிய லென்ஸோட ஒருத்தன் மண்டபத்துக்குள்ள நுழைஞ்சா என்ன நடக்கும்னு இங்க எல்லாருக்கும் தெரியும். "தம்பி, பெரியப்பாவையும் பெரியம்மையையும் சேர்த்து ஒண்ணு எடுப்பா"ன்னு ஆரம்பிக்கும். கடைசிப் பந்தியில அப்பளம் தீர்ந்த பிறகு உட்கார்ந்து ரசத்தை ஊத்திக்கணும். ரெண்டு மாசம் கழிச்சு "அந்தப் படமெல்லாம் என்னாச்சு, ஒண்ணும் அனுப்பலையே"ன்னு குறைபட்டு போன் வரும். அதனால நிக்கான் டி500 கேமராவும் 200-500 எம்எம் லென்ஸும் பீரோவிலேயே கிடக்கட்டும்னு விட்டுட்டேன்.

விடியக்காலமே முழிப்பு வந்துட்டு. முகூர்த்தத்துக்கு நேரம் கிடக்கு, கூந்தன்குளம் பறவைச் சரணாலயம் பக்கத்துலதானே, மச்சினன் பைக்கை எடுத்துக்கிட்டு ஒரு எட்டு போனேன். கரையில ஏறுனா வரித்தலை வாத்து, அம்புட்டுக் கூட்டம். வழக்கமா நடுக்குளத்துல எங்கேயோ மிதக்கும். அன்னிக்கு கரையில இருந்து நூறு மீட்டர் இருக்கும், தண்ணி வத்தின இடத்துல ஈரப்புல்லை மேஞ்சுக்கிட்டு நிக்கி. இளவெயில் என் முதுகுக்குப் பின்னால. தலையில அந்த ரெண்டு கறுப்புப் பட்டை, அலகு ஆரஞ்சு, எல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரியுது. சத்தத்துக்குத் தலையைத் தூக்குது, பாத்துட்டுத் திரும்ப மேயுது. பயமே இல்லை.

அதுல ஒண்ணுக்குக் கழுத்துல வளையம். ஆராய்ச்சிக்காரங்க மாட்டுற காலர்தான், சந்தேகமே இல்லை. எழுத்து இருந்திருக்கும். ஆனா படிக்க முடியலை.

போன்லதான் எடுத்தேன். தயிர்சாதத்துல தாளிச்ச கடுகுன்னு நினைச்சுக்கிடுங்க. "கையில் இருக்கிற கேமராதான் நல்ல கேமரா"ன்னு சொல்றவனை ஒருநாள் அந்தக் கரையில கொண்டுபோய் நிறுத்தணும்.


முகூர்த்தநாள் | ஞாயிறு, இரவு 10:15

அண்ணே, கல்யாணப் போட்டோகிராபர்ங்கிற முறையில சொல்றேன், நீங்க கேமராவை வச்சுட்டுப் போனதுக்கு எங்க சங்கமே நன்றி சொல்லும். தாலி கட்டுற நேரத்துல மணவறைக்கு முன்னாடி ஒரு முதுகு வந்து நிக்கும் பாருங்க, பத்துக்கு ஆறு தடவை அது பொண்ணோட சித்தப்பா பையன், புதுசா கேமரா வாங்கினவன். கெட்டிமேளம் முடிஞ்ச பிறகு "சாரி ப்ரோ"ன்னு ஒதுங்குவான். அந்த நொடி திரும்ப வருமா?

வாத்து விஷயம் வேற. அதுக்கு என் அனுதாபம்.


அரைபிக்சல் | ஞாயிறு, இரவு 11:02

கணக்கு போட்டுப் பார்த்துடுவோம், அப்போதான் எவ்வளவு வருத்தப்படணும்னு தெரியும்.

வரித்தலை வாத்து அலகுல இருந்து வால் வரைக்கும் சுமார் 75 செ.மீ. தூரம் 100 மீட்டர். டி500 சென்சாரோட அகலம் 23.5 மி.மீ., அதுல குறுக்கே 5568 பிக்சல். 500 எம்எம் போட்டா அந்தத் தூரத்துல பிரேமுக்குள்ள அடங்குற அகலம் 4.7 மீட்டர். ஆக வாத்துக்கு 890 பிக்சல் கிட்ட விழும். போனோட மெயின் கேமரா 24 எம்எம்-க்குச் சமம். அது அதே இடத்துல ஏறக்குறைய 145 மீட்டர் அகலத்தை வளைச்சுப் போட்டுக்கும். 12 மெகாபிக்சல் படம்னா குறுக்கே 4000 புள்ளி. வாத்துக்குக் கிடைக்கிறது 21.

காலர் 4 செ.மீ. உயரம்னு வைங்க. டி500-ல 47 பிக்சல், எழுத்தைத் தாராளமா படிக்கலாம். போன்ல ஒரே ஒரு பிக்சல், கூட ஒரு துணுக்கு. 5எக்ஸ் டெலி லென்ஸ் இருக்கிற போன்னாலும் அஞ்சாறு பிக்சல்தான் தேறும்.

இன்னொரு எச்சரிக்கை. இப்போ வர்ற போன்கள் 30எக்ஸ், 100எக்ஸ்னு இழுத்தா படத்தைத் தானா "திருத்தி"க் கொடுக்குது. இறகு மாதிரி ஒண்ணை வரைஞ்சு வைக்கும், எழுத்து மாதிரி ஒண்ணை வரைஞ்சு வைக்கும். அப்படி வந்த படத்துல காலர்ல 'எச்' தெரியுதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது லென்ஸ் பார்த்த எழுத்தா இருக்காது, மென்பொருள் ஊகிச்ச எழுத்தா இருக்கும்.


மௌனசாட்சி | திங்கள், காலை 6:40

கண்ணால் பார்த்தீர்களே, அது போதாதா? எல்லாவற்றையும் படம்பிடித்தே ஆக வேண்டுமா?


தாமிரபரணிக்காரன் | திங்கள், காலை 7:05

போதாது சார். கண்ணுக்கு எழுத்து தெரியலைங்கிறதுதான் பிரச்சினையே. அழகான படம் கிடைக்கலைன்னா ஒருநாள் புலம்பிட்டு விட்டுருவேன். இது அந்த வாத்து எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்ற சீட்டு. அதைக் கண்ணு முன்னால வச்சுக்கிட்டு படிக்க முடியாம திரும்புனேன்.


கூழைக்கடா | திங்கள், காலை 8:30

தம்பி சொல்றது சரி. மங்கோலியாவில காலர் மாட்டின வரித்தலை வாத்துகளை மைசூர் பக்கம் ஹதினாரு ஏரியில பார்த்துப் பதிவு பண்ணியிருக்காங்க. இமயத்தைத் தாண்டி வர்ற பறவை இது. கருவி மாட்டிப் பார்த்ததில 7000 மீட்டருக்கு மேல பறந்ததும் பதிவாகியிருக்கு, ஆனா பெரும்பாலும் அதைவிடத் தாழ்வா கணவாய் வழியாத்தான் வருது. அப்படி வந்தது நம்ம திருநெல்வேலிக் குளத்தில நின்னு புல்லு மேயுது. அந்த எழுத்தும் எண்ணும் கிடைச்சா எந்த ஏரியில, எந்த வருஷம் பிடிச்சு மாட்டினாங்கன்னு கேட்டு வாங்கலாம்.

எழுத்து தெரியலைன்னாலும் சும்மா விட்டுடாதீங்க. வளையத்தோட நிறம், எந்தக் கரை, மணி என்ன, கூட்டத்தில எத்தனை இருந்துது, இதையெல்லாம் ஈபேர்டுங்கிற பறவைப் பதிவுத் தளத்தில குறிப்பா எழுதிப் போடுங்க. பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குன்னு 2015-ல இருந்து தை பிறக்கும்போது ஊர் ஊரா ஆளுங்க குளத்தங்கரையில நிக்கிறாங்க. உங்க குறிப்பைப் பார்த்து யாராவது போய்த் தேடுவாங்க.

அடுத்தது, பைனாகுலர். கேமராவை வைங்க, வைக்காம போங்க, ஒரு 8x42 வண்டியிலேயே கிடக்கணும். அதோட கண்பக்க வில்லையில போனோட மெயின் கேமராவை ஒட்டி வச்சா அரைபிக்சல் சொன்ன 21 புள்ளி எட்டு மடங்காகும். சொல்றதுக்குத்தான் சுலபம். கண் வைக்கிற இடத்து ரப்பர் விளிம்பை மடக்கணும், ரெண்டு வட்டமும் நேரா சேரணும், கை ஆடக்கூடாது. போன் தன்னிஷ்டத்துக்கு வேற லென்ஸுக்குத் தாவும், அதுக்கு 1எக்ஸ்ல பூட்டி வைக்கணும். திரையை அழுத்திப் பிடிச்சு போகஸைப் பூட்டிட்டு வரிசையா சுட்டுத் தள்ளினா ஒண்ணு தேறும். காலர் படிக்க அதுவும் காணாது. ஸ்கோப்தான் வேணும், அதாவது முக்காலியில நிறுத்துற ஒத்தைக்கண் தொலைநோக்கி.

இன்னொண்ணு, குளத்தையே பார்த்துக்கிட்டு நின்னவர் ஊருக்குள்ள போகலையா? கூந்தன்குளத்தில மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் தெருவில நிக்கிற மரத்தில கூடு கட்டும். வீட்டு முற்றத்துக்கு மேல குஞ்சு கத்தும். 1994-ல சரணாலயம்னு அறிவிக்கிறதுக்கு முன்னாலேயே ஊர்க்காரங்க காப்பாத்தின இடம் அது, தீபாவளிக்கு வெடி போடமாட்டாங்க. அங்க போனே போதும். 500 எம்எம் கொண்டுபோனா பாதி உடம்பு பிரேமுக்கு வெளியே போயிடும்.


தாமிரபரணிக்காரன் | திங்கள், காலை 8:44

ஊருக்குள்ள போறதுக்குள்ள சம்சாரத்துக்கிட்ட இருந்து போன் வந்துட்டு அக்கா. மாலை மாத்தப் போறாங்கன்னு.


இருட்டறை | திங்கள், மதியம் 1:20

ஐயா, நான் கோவில்பட்டியில ஸ்டூடியோ வச்சிருந்தவன். எங்க காலத்து வருத்தம் வேற ரகம். யாஷிகா மேட் கழுத்துலயே கிடக்கும், வீட்டுல வச்சுட்டு வந்தோம்கிற பேச்சே இல்லை. 120 ரோல்ல பன்னிரண்டு படம். பதினொண்ணை மாப்பிள்ளை அழைப்புலயே தீர்த்துட்டு, பன்னிரண்டாவதை எதுக்கு வைக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே இருப்போம். யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நல்ல காட்சி போயிடும்.

கனமான கேமராவைத் தூக்க முடியலைங்கிறவங்களுக்கு அமெரிக்கப் போட்டோகிராபர் அன்செல் ஆடம்ஸ் கதையைச் சொல்லணும். 1941 நவம்பர் 1, நியூ மெக்சிகோவுல ஹெர்னாண்டஸ்ங்கிற சின்ன ஊரு. அன்னிக்கு எதுவும் சரியா அமையாம கார்ல திரும்பி வந்துக்கிட்டிருந்தவர், கிழக்க நிலா ஏறுறதையும் கல்லறைத் தோட்டத்துச் சிலுவையில கடைசி வெயில் விழுறதையும் பார்த்துட்டு வண்டியை ஓரங்கட்டினார். 8x10 அங்குலப் பெட்டிக் கேமரா வண்டியில இருந்துச்சு. ஆனா வெளிச்சம் அளக்குற மீட்டரை எங்க வச்சோம்னு தெரியலை! நிலாவோட பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில்ங்கிறது மனப்பாடம். அதை வச்சு மனக்கணக்கு போட்டு, எஃப்/32-ல ஒரு செகண்ட். இன்னொண்ணு எடுக்கலாம்னு பிலிம் ஹோல்டரைத் திருப்பிப் போடுறதுக்குள்ள சிலுவை மேல இருந்த வெயில் போயிடுச்சு. உலகத்துக்கே தெரிஞ்ச அந்தப் படத்துக்கு நெகட்டிவ் ஒண்ணே ஒண்ணுதான். தேதியைக்கூட மனுஷன் குறிச்சு வைக்கலை, பின்னால வானியல்காரங்க நிலா நின்ன இடத்தை வச்சுக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சாங்க.

மீட்டர் தொலையலாம், தேதி தொலையலாம். பெட்டி வண்டியில இருக்கணும். அவ்வளவுதான் நான் சொல்ல வர்றது.


அரைபிக்சல் | திங்கள், மதியம் 1:48

ஐயா, அவர் வண்டி பெரிய ஸ்டேஷன் வேகன். நம்மாளு போனது மச்சினன் பைக்ல.


ஸ்கார்பரோ_பெடியன் | திங்கள், மாலை 6:10

அண்ணை, உங்கட கவலை விளங்குது. என்ர கதை மற்றப் பக்கம்.

2024 மே 10, வெள்ளி இரவு. கனடாவில, ரொறொன்ரோவுக்குப் பக்கத்துப் பிக்கரிங்கில தங்கச்சியின்ர மகளுக்குப் பிறந்தநாள். கமெராவும் ட்ரைபொட்டும் வீட்ட. சாப்பாடு முடிஞ்சு காரடிக்கு வரேக்க ரோட்டு நீளத்துக்கும் சனம் மேல பாத்துக்கொண்டு நிக்குது. துருவ ஒளி! ரொறொன்ரோப் பக்கம் அப்பிடிப் பாக்கிறது லேசில்லை. 2003 ஒக்டோபருக்குப் பிறகு வந்த முதலாவது ஜி5, அதாவது உச்ச அளவுக் காந்தப்புயல் எண்டு பிறகுதான் செய்தியில பாத்தன். இந்தியாவில லடாக்கில ஹன்லேயில இருந்துகூடப் படம் எடுத்தவை.

எனக்கு உயிர் போற கவலை. வருசக்கணக்கா வாங்கி வைச்ச 14 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் அலுமாரிக்க கிடக்குது. வேற வழியில்லாமல் போனைக் காரின்ர கூரையில நிமித்தி வைச்சு, நைட் மோட், மூண்டு செக்கன். கண்ணுக்கு மங்கலாச் சாம்பலும் கொஞ்சம் ஊதாவுமாத் தெரிஞ்சது, திரையில சிவப்பும் பச்சையுமா வந்து நிண்டுது. மருமகள் துள்ளிக் குதிச்சு, அவளையும் முன்னால நிப்பாட்டி எடுத்தன். அந்தப் படம்தான் இப்ப தங்கச்சி வீட்டுச் சுவரில இருக்கு.

நான் விடேல்லை. வீட்ட ஓடிப்போய்க் கமெராவை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தன். வந்து சேர எல்லாம் அடங்கிப்போச்சு. அந்த நேரத்தை மருமகளோட நிண்டு பாத்திருக்கலாம். ஒக்டோபர் 10 திரும்பவும் பெரிசா வந்தது, அப்ப எல்லாச் சாமானும் காருக்கதான். ரெண்டு படத்தையும் போன் திரையில பக்கத்தில வைச்சுப் பாத்தால் வித்தியாசம் பெரிசா இல்லை. பெரிசா பிரிண்ட் போட்டால்தான் போன் படத்தில வானம் மாப்பூசின மாதிரி இருக்கு.


அரைபிக்சல் | திங்கள், மாலை 6:55

இது நல்ல எதிர் உதாரணம், ஒத்துக்கிறேன். துருவ ஒளி வானம் முழுக்கப் பரவி நிக்குது, மெதுவா நகருது, அதுக்கு 24 எம்எம் பொருந்தும். போன் அந்த மூணு செகண்ட்ல பல பிரேம் எடுத்து, கை ஆடின அளவுக்கு நகர்த்தி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிச் சராசரி பார்க்குது. 16 பிரேம் அடுக்கினா இரைச்சல் நாலுல ஒரு பங்காகும். சின்ன சென்சாரோட பலவீனத்தை நேரத்தால ஈடுகட்டுற வேலை. காருக்கூரை ஆடாதுங்கிறதால அதுக்கு இன்னும் வசதி.

தூரத்துல இருக்கிற சின்னப் பொருளுக்கு இந்த வித்தை பலிக்காது. இல்லாத பிக்சலை அடுக்க முடியாதே. அதனால "போன் போதுமா போதாதா"ன்னு பொதுவாச் சண்டை போடுறதுல அர்த்தம் இல்லை. எட்டணுமா, எட்ட வேண்டாமாங்கிறதுதான் கேள்வி.


சோலைமந்தி | திங்கள், இரவு 9:30

வால்பாறையில் ஆசிரியையாக இருக்கிறேன். அரைபிக்சல் சொன்ன பிரிவினை எங்கள் ஊரில் தினமும் கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

ஆழியாரிலிருந்து ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடு பல நாள் சாலை ஓரத் தடுப்புச் சுவரிலேயே நிற்கும். பேருந்து ஜன்னலிலிருந்து போனில் 2எக்ஸ் வைத்தாலே முகத்து முடி வரை வரும். புதுத்தோட்டத்தில் சோலைமந்தி சாலையைக் கடந்து போகும், வீட்டுக் கூரையில் உட்காரும். இதற்கெல்லாம் பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு சுற்றுலாக்காரர்கள் வழியை மறித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். பிஸ்கட் வேறு போடுகிறார்கள்.

இருவாச்சி என்றால் கதையே வேறு. பறக்கும்போது இறக்கைச் சத்தம் முதலில் வரும், பிறகுதான் பறவை வரும். பழுத்த அத்தி மரத்து உச்சிக் கிளையில், வெள்ளை வானத்துக்கு எதிரில் உட்காரும். போனில் எடுத்தால் கறுப்புப் பொட்டு. அப்படிப்பட்ட நேரத்தில் நான் படம் எடுப்பதை விட்டுவிட்டு வீடியோவை ஓடவிட்டுப் போனைச் சட்டைப் பையில் வைத்துவிடுவேன். சத்தம் மட்டும் பதிவாகும். அந்த இறக்கைச் சத்தத்தை வகுப்பில் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். படத்தைக் காட்டினால் அந்த அளவுக்கு அசைவதில்லை.

இதைச் சொல்ல மட்டும் நான் இங்கே வரவில்லை. தாமிரபரணிக்காரன் அண்ணா, லென்ஸைப் பீரோவிலா வைத்திருக்கிறீர்கள்? துணிமணியோடா? அது வந்த தோல் பையிலேயா? இங்கே ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை மழை. பயன்படுத்தாமல் வைத்த லென்ஸில்தான் பூஞ்சை பிடிக்கும். என் பழைய 55-250 அப்படித்தான் போனது. தினமும் தோளில் கிடக்கும் லென்ஸுக்கு வெயிலும் காற்றும் படும். பத்திரம் என்று இருட்டில் பூட்டி வைத்ததற்குத்தான் வியாதி வரும். ஒரு டார்ச் எடுத்து ஓரம் முழுக்கப் பாருங்கள்.


தாமிரபரணிக்காரன் | திங்கள், இரவு 10:25

டீச்சர், வாயை வச்சுட்டீங்க.

எடுத்து, ரெண்டு பக்க மூடியையும் கழட்டி, பின்பக்கத்துல இருந்து போன் டார்ச் அடிச்சு முன்பக்கமா பார்த்தேன். உள்ளே ஒரு கண்ணாடியோட விளிம்புல சிலந்தி நூலைவிடச் சன்னமா, கிளை கிளையா ஒண்ணு. முதல்ல முடின்னு நினைச்சேன். ஊதினேன், துடைச்சேன், போகலை. உள்பக்கம்தான் இருக்கு. படத்துல இதுவரைக்கும் எதுவும் தெரிஞ்சதில்லை.

பட்டுச்சேலைக்குப் போட்ட பாச்சா உருண்டையோட சேர்த்து அதே தட்டுலதான் வச்சிருந்தேன்.


முகூர்த்தநாள் | திங்கள், இரவு 10:31

வெயில்ல ரெண்டு நாள் காய வைங்க அண்ணே, போயிடும். எங்க மாஸ்டர் அப்படித்தான் செய்வார்.


இருட்டறை | செவ்வாய், காலை 5:55

காய வச்சா வளர்றது நிக்கலாம், இருக்கிறது போகாது. முன்கண்ணாடியைச் சூரியனுக்கு நேரா வச்சு, பின்னால துணி ஏதாவது கிடந்தா தீப்பிடிக்கும், ஜாக்கிரதை. லென்ஸ் பூதக்கண்ணாடிதானே. உள்ளே கிரீஸும் இளகும்.

பூஞ்சை சுரக்கிற அமிலம் கண்ணாடி மேல பூசியிருக்கிற கோட்டிங்கை அரிக்கும். சீக்கிரம் திறந்து துடைச்சா தடம் இல்லாம போயிடும், விட்டுட்டா துடைச்ச பிறகும் கோலம் நிக்கும். அந்த 200-500 ஜூம் பண்ணும்போது நீளுற குழாய். நீளும்போதெல்லாம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஈரக் கையோட குளத்தங்கரையில நூறு தடவை இழுத்துட்டு, அப்படியே மூடிப் பீரோவுல வச்சா வேற என்ன ஆகும்?

எங்க ஸ்டூடியோவுல ஏசி கிடையாது. லென்ஸ் பெட்டிக்குள்ள 40 வாட் பல்பு ஒண்ணு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அவ்வளவுதான் பாதுகாப்பு. பல வருஷம் ஒண்ணும் ஆகலை.


சோலைமந்தி | செவ்வாய், காலை 7:15

காற்றுப் புகாத பெட்டி, சிலிகா ஜெல், உள்ளே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இது போதும் அண்ணா. ஊறுகாய் ஜாடி வாங்கும் பாத்திரக்கடையிலேயே ரப்பர் விளிம்பு வைத்த பெட்டி கிடைக்கும். மீட்டர் 40-50 காட்ட வேண்டும். 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். நீல ஜெல் ரோஸ் நிறமானால் வாணலியில் லேசாக வறுத்தால் திரும்ப நீலமாகும். ஆனால் அந்த நீல நிறம் கோபால்ட் உப்பு, சமையலுக்கு அந்த வாணலியை மறுபடி எடுக்காதீர்கள். ஆரஞ்சு வகை வாங்கினால் அந்தக் கவலை இல்லை. நன்றாக இருக்கும் மற்ற லென்ஸோடு இதைச் சேர்த்து வைக்க வேண்டாம்.


கூழைக்கடா | செவ்வாய், மதியம் 12:40

இன்னிக்குக் காலையில கூந்தன்குளம் போயிட்டு வந்தேன். ஸ்கோப்போட.

கூட்டம் இருக்கு. ஆனா தம்பி சொன்ன கரையில இல்லை, எதிர்ப்பக்கம், ரொம்ப தள்ளி. ஏழரை வரைக்கும் ஓரளவு பார்க்க முடிஞ்சுது. பாதிக்கு மேல படுத்துக்கிடந்தது, கழுத்தே தெரியலை. எட்டரைக்கெல்லாம் கானல் கிளம்பிட்டு, 60எக்ஸ்ல வச்சா வாத்து எல்லாம் தண்ணிக்குள்ள ஆடற மாதிரி நெளியுது. காலர் ஒண்ணும் கண்ணில படலை. இருக்கா, பறந்துட்டான்னு சொல்ல முடியாது. அந்தக் கானலுக்கு 500 எம்எம் என்ன, 1000 எம்எம் இருந்தாலும் இதே கதிதான்.

ஊர்க்காரர் ஒருத்தர் வந்து, "முந்தாநாள் விடியக்காலம் ஒரு ஆள் பைக்ல வந்து போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு தலையில அடிச்சுக்கிட்டார்"னு சொன்னார். யார்னு நான் சொல்லலை.


தாமிரபரணிக்காரன் | செவ்வாய், மதியம் 1:02

வாழ்க.

போனதுக்கு ரொம்ப நன்றி அக்கா. குறிப்பை ஈபேர்டுல போட்டுட்டேன், வளையம் பச்சையா நீலமான்னு உறுதியா சொல்ல முடியாததால ரெண்டையும் எழுதிட்டேன்.


அரைபிக்சல் | செவ்வாய், மதியம் 2:20

லென்ஸ் எப்படியும் சர்வீஸுக்குப் போகுது. இந்தச் சாக்குல ரெண்டாவதா ஒண்ணு யோசிங்க. கேனான் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம், உங்க 200-500 முக்காலிக் காலர் மாட்டி 2300. நிக்கானை விட்டு வரமாட்டீங்கன்னு தெரியும். அப்படின்னா சூப்பர்ஜூம், லென்ஸைக் கழட்ட முடியாத நீள ஜூம் கேமரா. நிக்கான் பி950 ஒரு கிலோ, 2000 எம்எம்-க்குச் சமம். காகிதத்துல 100 மீட்டர்ல வாத்து 2000 பிக்சல் வருது. நிஜத்துல விரல்நகம் அளவு சென்சார், எஃப்/6.5, வெளிச்சம் குறைஞ்சா மாவாயிடும். ஆனா காலர் படிக்க அழகு எதுக்கு? சோனி ஆர்எக்ஸ்10 நாலாவது மாடல் 600 எம்எம் வரைக்கும்தான், சென்சார் பெருசு, படம் நல்லா இருக்கும், விலையும் நல்லா இருக்கும்.


முகூர்த்தநாள் | செவ்வாய், மதியம் 2:41

பி950-ஐ மண்டபத்துக்குக் கொண்டு போனா மட்டும் விட்டுடுவாங்களா? பார்க்க அப்படியே பெரிய கேமரா மாதிரிதான் இருக்கும். உங்க பெரியப்பாவுக்கு சென்சார் அளவு தெரியுமா?

நான் லீவு நாள்ல சொந்தக்காரங்க விசேஷத்துக்குப் போகும்போது கேமராவைக் கொண்டு போறேன், பேட்டரியை மட்டும் கழட்டித் தனியா பேன்ட் பாக்கெட்ல போட்டுக்குவேன். யாராவது கேட்டா ஆன் பண்ணிக் காட்டுவேன். "சார்ஜ் போயிடுச்சு மாமா." தொழில்காரன்கிட்டயே சார்ஜ் இல்லைன்னா அதுக்கு மேல யாரும் பேசமாட்டாங்க.


தாமிரபரணிக்காரன் | செவ்வாய், மாலை 4:15

இந்த யோசனைக்கே உனக்கு ஒரு கட்டு வெத்தலை வாங்கித் தரணும் தம்பி.

லென்ஸைக் கொடுத்துட்டு வந்துட்டேன். திறந்து பார்த்துட்டுத்தான் எவ்வளவுன்னு சொல்வாங்களாம், குறைஞ்சது ரெண்டு வாரம். சனிக்கிழமை கூந்தன்குளம் போகணும்னு இருக்கேன். வாத்து கிளம்புறதுக்குள்ள இன்னொரு தடவை தேடிப் பார்க்கணும். யார்கிட்டயாவது நிக்கானுக்குச் சேர்ற 300-க்கு மேல எதாவது கிடைக்குமா? ஒரு நாள்தான்.


கூழைக்கடா | செவ்வாய், மாலை 4:50

ஸ்கோப் நான் கொண்டு வாறேன், ஆறு மணிக்கு நாங்குநேரி பஸ் ஸ்டாண்டில நில்லுங்க. லென்ஸ் தரமாட்டேன். பீரோவில வைக்கிற ஆளுக்கு ஒருநாளும் தரமாட்டேன்.